ஹாப்பருக்குள் தீ ஏறாமல் இருக்க: வாசகர் கேள்வி – பதில்

வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பு பற்றி இந்த முறை வந்த கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஹாப்பர். மாவு மில்லில் தானியம் கொட்டும் கூம்பு போல, அடுப்பின் தலையிலோ முதுகிலோ இருக்கும் கரிப்பெட்டி அது. இதில் இரண்டு வகை உண்டு. கரி தன் எடையிலேயே தீக்குள் இறங்குவது ஒன்று. மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும் ஸ்டோக்கர் இன்னொன்று. எந்தப் பதில் எந்த வகைக்கு என்று அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: முப்பது கிலோ நிலக்கரி நேராகத் தீயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது ஏன் மொத்தமாகப் பற்றிக்கொள்வதில்லை? அப்படியிருக்க, சில வீடுகளில் மட்டும் ஏன் பற்றுகிறது?

பதில்: எரிவதற்குக் கரி, சூடு, காற்று மூன்றும் வேண்டும். ஹாப்பருக்குள் கரிக்குப் பஞ்சமில்லை, அடிவாய்ப் பக்கம் சூட்டுக்கும் குறைவில்லை. இல்லாதது காற்று மட்டும்தான். அந்த ஒன்று இல்லாததால்தான் உங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது.

கரி எரியும் இரும்புக் கம்பித்தட்டுதான் கிராதி. காற்று அதற்குக் கீழிருந்து நுழைகிறது. கங்குகளின் ஊடே மேலேறும்போது அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மிஞ்சிய சூடான வாயு ஹாப்பரின் அடிவாய்க்கு வந்ததும் பக்கவாட்டில் திரும்பிப் புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. அதற்கு மேலே நிற்கும் கரியைச் சுற்றி ஆக்சிஜன் வற்றிய, அசையாத வாயுதான் இருக்கும். மேல்மூடி இறுக்கமாக இருக்கும் வரை இந்த ஏற்பாடு கலையாது.

மூடி கசிந்தால் கதை மாறும். புகைபோக்கி அடுப்பின் உள்ளே எப்போதும் மெல்லிய உறிஞ்சலை வைத்திருக்கிறது. கசிவு வழியாக அறைக்காற்றை அது ஹாப்பருக்குள் இழுக்கும். காற்று மேலிருந்து கீழே இறங்கும், தீயோ காற்று வரும் திசையை நோக்கி மேலே ஏறும். பல மணி நேரம் சத்தமில்லாமல், வெளியே புகை காட்டாமல் இது நடக்கும். ஸ்டோக்கரில் இதன் தலைகீழும் நடக்கலாம்: காற்றூதும் விசிறி தள்ளுவதைப் புகைபோக்கி உறிஞ்ச முடியாமல் போனால், சூடான வாயு கரியின் இடுக்குகள் வழியே ஹாப்பருக்குள் பின்வாங்கும்.

இந்த அடுப்புகளில் எரிக்கும் கெட்டியான, புகை குறைந்த நிலக்கரியான ஆந்த்ரசைட் பற்றுவதற்கு ஏறக்குறைய 480 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடியிலிருந்து காற்று ஊடுருவாவிட்டால் அந்தச் சூடு நிலைக்காது. 1808 பிப்ரவரி 11 அன்று பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் துருத்தி இல்லாமல், வெறும் இரும்புக் கிராதியின் மேல் ஆந்த்ரசைட்டை எரித்துக் காட்டினார். அவர் செய்ததெல்லாம் கரியைத் தரையிலிருந்து தூக்கி வைத்ததுதான். அடிக்காற்று தானாக வந்தது. ஹாப்பர் தீயைத் தடுப்பதும் இதே கணக்கின் மறுபாதி: அடியில் காற்று தடையின்றி வர வேண்டும், மேலே துளியும் நுழையக் கூடாது.

கேள்வி: மூடி கசிகிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? மூடியின் ஓரத்தை அடைக்கும் கேஸ்கெட்டை நாமே மாற்றலாமா?

பதில்: மூன்று சோதனைகள் போதும். முதலாவது காகிதச் சோதனை. அடுப்பு ஆறியிருக்கும்போது இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துப் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் கசிகிறது. பத்து செ.மீ.க்கு ஓர் இடம் என்று சுற்றிலும் செய்யுங்கள். கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும். இரண்டாவது, ஹாப்பர் காலியாக இருக்கும்போது உள்ளே டார்ச்சைப் போட்டு மூடி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் அதுதான் சந்து. மூன்றாவது, அடுப்பு எரியும்போது ஊதுபத்தியைக் கொளுத்தி விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோங்கள். புகை நேராக எழும்பாமல் எங்கே சட்டென்று உள்ளே வளைகிறதோ அங்கே காற்று நுழைகிறது. மூடியை மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல், ஹாப்பர் அடுப்போடு சேரும் இணைப்பு, போல்ட் துளைகள், வெல்டிங் ஓரங்கள் எல்லாவற்றிலும் காட்டுங்கள்.

கேஸ்கெட்டை நீங்களே மாற்றலாம். கண்ணாடியிழைக் கயிறுதான் அது. பழைய கயிறு நசுங்கித் தட்டையாகியிருக்கும் என்பதால் அதை அளந்து வாங்கினால் ஏமாறுவீர்கள்; அடுப்பின் கையேட்டில் உள்ள விட்டத்தைப் பாருங்கள். பள்ளத்திலுள்ள பழைய பசையைக் கம்பித் தூரிகையால் வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டுங்கள். கேஸ்கெட்டுக்கென்றே விற்கும் உயர்வெப்பப் பசையை மெல்லிய கோடாக இட்டு, கயிற்றை இழுக்காமல் பதியுங்கள். இழுத்துப் பதித்தால் ஒல்லியாகிவிடும், சூட்டில் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். இரண்டு முனைகளும் மூலையில் அல்ல, நேரான பக்கத்தில் முட்ட வேண்டும். மெழுகுத்தாளை இடையில் வைத்து மூடி, மேலே கொஞ்சம் கனம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள்.

1980-களுக்கு முந்தைய அடுப்பு என்றால் பழைய கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. அதற்குப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். புத்தம் புதிய கேஸ்கெட்டையும் தோற்கடிக்க நெல்லிக்காய் அளவுக் கரித்துண்டு ஒன்று போதும். ஹாப்பரை விளிம்பு வரை கோபுரமாக நிரப்பி மூடியை அழுத்தும்போது ஒரு கல் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். மூடி மூடியது போலத்தான் இருக்கும், ஒரு பக்கம் விரல் அளவு தூக்கி நிற்கும். விளிம்புக்கு நாலு விரல் கீழே நிறுத்துங்கள். மூடும் முன் சின்னத் தூரிகையால் விளிம்பை ஒரு சுற்றுத் துடையுங்கள். சந்தேகப்படும் இடங்கள் ஆயிரம் இருந்தாலும் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

கேள்வி: கரி போட மூடியைத் திறந்தால் ‘குப்’பென்று நீலச் சுவாலை எழும்புகிறது. ஒருமுறை புருவம் பொசுங்கிவிட்டது. அடுப்பில் கோளாறா?

பதில்: கோளாறு அடுப்பில் இல்லாமலும் இருக்கலாம், திறக்கும் வேகத்தில் இருக்கும். ஹாப்பருக்குள் தேங்கிய வாயுவில் கார்பன் மோனாக்சைடும் கரியிலிருந்து பிரிந்த எரிவாயுக்களும் இருக்கும். ஆக்சிஜன் இல்லாததால் அவை சும்மா கிடந்தன. நீங்கள் சட்டென்று திறந்ததும் காற்று கலந்து, அடியிலிருக்கும் கங்கில் பற்றிக்கொள்கிறது.

இந்த வரிசையில் செய்யுங்கள். பைபாஸ் கதவு உள்ள அடுப்பானால் முதலில் அதைத் திறந்து, வாயு நேராகப் புகைபோக்கிக்குப் போக வழிவிடுங்கள். சாம்பல் கதவு மூடியே இருக்கட்டும். மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி, முகத்தை விலக்கி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை காத்திருங்கள். இந்த நேரத்தில் காற்று மெதுவாக உள்ளே போய், தேங்கிய வாயுவை நீர்த்துப்போகச் செய்து, கீழ்நோக்கிப் புகைபோக்கிக்குக் கொண்டுபோகும். பிறகு முழுதாகத் திறந்து, கரியைச் சாய்த்து இறக்கி, உடனே மூடுங்கள். திறந்து வைத்துவிட்டு அடுத்த வாளி எடுக்கப் போகாதீர்கள். வாளிகள் பக்கத்தில் வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். நீளக்கை தோல் கையுறை கட்டாயம்.

இவ்வளவு செய்தும் ஒவ்வொரு முறையும் ‘குப்’பென்றால் புகைபோக்கியின் இழுப்பு போதவில்லை என்று பொருள். அதைக் கீழே பார்ப்போம்.

கேள்வி: இரவு 10 மணிக்கு நிரப்பினால் காலை 8 மணிக்குள் ஹாப்பர் கிட்டத்தட்ட காலி. எவ்வளவு வரை குறையவிடலாம்?

பதில்: அடிவாய்க்கு மேல் குறைந்தது ஒரு சாண் கரி எப்போதும் நிற்கட்டும். கரிக்குவியலே ஓர் அடைப்பான். உயரம் இருக்கும்போது காற்றும் வாயுவும் அதன் ஊடே எளிதில் போக முடியாது. நாலு விரல் உயரம்தான் மிச்சம் என்றால் எதிர்ப்பே இல்லை. மூடியில் உள்ள சிறு கசிவு, நேற்று வரை தொந்தரவு தராதது, இன்று தீயை மேலே கூப்பிடும். பெரும்பாலும் விடியற்காலையில், எல்லாரும் உறங்கும் நேரத்தில் இது நேர்வதற்குக் காரணம் வேறொன்றுமில்லை: அப்போதுதான் ஹாப்பர் காலியாக இருக்கும்.

உங்கள் அடுப்பு 10 மணி நேரத்தில் காலி செய்கிறதென்றால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள். அது முடியாத இரவில் அடிக்காற்றைக் குறைத்து எரிவேகத்தைத் தணியுங்கள்.

கேள்வி: ஆந்த்ரசைட் கிடைக்காத வாரங்களில் சாதாரண பிட்டுமினஸ் நிலக்கரியை ஹாப்பரில் போடலாமா?

பதில்: கூடாது. ஆந்த்ரசைட்டில் எளிதில் ஆவியாகும் பொருள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. பிட்டுமினஸில் அது பல மடங்கு. அடிவாயில் சூடு பட்டதும் அந்தக் கரி வாயுவைக் கக்கும், பல ரகங்கள் உப்பி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகும். மேலே கரி தொங்கும், கீழே எரிந்து குகை விழும். கம்பியால் குத்தினால் மொத்தமும் சரிந்து தூளோடு தீக்குள் விழுந்து வெடித்துப் புகையும். ஹாப்பரைக் கழற்றிவிட்டுக் கையால் சிறிது சிறிதாகப் போட்டு எரிக்கலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

கேள்வி: விறகு, மரத்துகள் உருண்டை, பழைய காகிதம்?

பதில்: ஹாப்பருக்குள் எதுவும் வேண்டாம். விறகு 300 டிகிரிக்குள்ளேயே பற்றும். அதைப் போட்டு மூடுவது திரியை நீங்களே வைத்த மாதிரி.

கேள்வி: மழையில் நனைந்த கரியைப் போட்டால் தூசி அடங்குகிறது. நல்லதுதானே?

பதில்: தூசி அடங்குவது உண்மை. கொஞ்சம் ஈரம் ஆபத்துமில்லை. ஆனால் தூள் நிறைய கலந்த கரி நனைந்தால் சேறு மாதிரி சுவரில் அப்பிக்கொள்ளும், கரி இறங்காமல் பாலம் கட்டி நிற்கும். ஏழெட்டு மணி நேரம் கழித்தும் மேல்மட்டம் குறையாமல், தீ மட்டும் தணிந்துகொண்டே வந்தால் உள்ளே பாலம் கட்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மூடியை மேலே சொன்ன வரிசையில் திறந்து, நீளக் கம்பியால் சுவரோரமாக மெல்ல நெம்புங்கள். நடுவில் ஓங்கிக் குத்த வேண்டாம்.

அளவும் முக்கியம். அமெரிக்க ஆந்த்ரசைட் வணிகத்தில் ‘ரைஸ்’ என்பது குருணை மாதிரி 5 முதல் 8 மி.மீ.; ‘பக்வீட்’ 8 முதல் 14; ‘பீ’ 14 முதல் 21; ‘நட்’ 21 முதல் 41 மி.மீ. வரை. ஸ்டோக்கர்கள் பெரும்பாலும் முதலிரண்டுக்கும், தானாக இறங்கும் அடுப்புகள் பின்னிரண்டுக்கும் செய்யப்பட்டவை. நட் கேட்கும் அடுப்பில் ரைஸ் போட்டால் கிராதிச் சந்தில் ஒழுகிவிடும், மிச்சம் காற்றை அடைக்கும். பை அடியில் தங்கும் பொடியைத் தனியே கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று ஹாப்பரில் கவிழ்ப்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: தீ மந்தமானால் சாம்பல் கதவைத் திறந்து வைத்து எழுப்புகிறோம். ஹாப்பருக்கு இதனால் கெடுதல் உண்டா?

பதில்: ஹாப்பர் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். திறந்த கதவு வழியே கட்டுப்பாடில்லாமல் காற்று பாய்ந்து, பத்தே நிமிடத்தில் அடிவாய் இரும்பு செக்கச் சிவக்கும். ஒருமுறை சிவந்த தகடு ஆறும்போது நெளியும். நெளிந்த அடிவாய் கரியைத் தாறுமாறாகப் பரப்பும், வாயுவுக்குப் புதுச் சந்து காட்டும். அந்தச் சூட்டில் ஹாப்பருக்குள் இருக்கும் கரியும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். திறந்துதான் ஆக வேண்டுமானால் ஐந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அடுப்பெதிரிலேயே நில்லுங்கள்.

மந்தமாவதன் காரணம் பெரும்பாலும் சாம்பல். கிராதியை நீள அசைப்பாக அல்லாமல் குட்டிக் குட்டி வெட்டாக ஆட்டுங்கள். சாம்பல் தட்டில் சிவப்புக் கங்கு ஓரிரண்டு விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு முன் நிறுத்தினால் அடிக்காற்று அடைபடும், அப்புறம் இழுப்பு காற்றுக்கு வேறு வழி தேடும். அது முதலில் கண்டுபிடிப்பது ஹாப்பர் மூடியைத்தான். சாம்பல் தட்டையும் நிறையவிடாதீர்கள். குவியல் கிராதியைத் தொட்டால் காற்று போகாமல் கிராதியே உருகிச் சாயும்.

கேள்வி: ஸ்டோக்கர் வைத்திருக்கிறோம். கடுங்குளிரில் பிரச்சினையில்லை. வெயில் தலைகாட்டும் நாட்களில்தான் தீ பின்னோக்கி ஹாப்பர் பக்கம் நகர்கிறது. ஏன்?

பதில்: நல்ல கவனிப்பு. குளிர் குறைந்த நாட்களில் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது.

ஒன்று, தெர்மோஸ்டாட் சூடு கேட்பதே இல்லை. அடுப்பு சும்மா இருக்கும் நிலையில், தீ அணையாமல் இருக்க மட்டும் டைமர் அவ்வப்போது கொஞ்சம் கரி தள்ளும். அந்த அளவு எரிவதைவிடக் குறைவாக இருந்தால், எரியும் பட்டை கரி வரும் திசையில் ஊர்ந்து ஊர்ந்து தள்ளுகட்டைக்கே வந்து சேரும். இரண்டு, வெளியே சூடு கூடும்போது புகைபோக்கியின் இழுப்பு தளரும். மூன்று, விசிறியின் வேகம் கடுங்குளிருக்கு வைத்ததாகவே இருக்கும். இழுப்பு குறைந்து, ஊதல் குறையாவிட்டால் வாயு பின்னால்தான் போகும்.

சும்மா நிலையில் மூன்று நான்கு மணி நேரம் இருந்த பின் கண்ணாடி வழியே பாருங்கள். கரி நுழையும் விளிம்புக்கும் கங்கு தொடங்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது கறுப்புக் கரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சும்மா நிலையின் தள்ளும் நேரத்தை ஒரு படி கூட்டி, மறுபடி மூன்று நான்கு மணி நேரம் காத்திருந்து பாருங்கள். ஒரே நாளில் நாலு முறை திருகினால் எது எதனால் என்றே தெரியாது. முழு வேகத்தில் எரியும்போது எதிர்முனையில் 2.5 முதல் 5 செ.மீ. வரை செத்த சாம்பல் பட்டை இருப்பது சரியான அளவு. அதற்கு மேல் சாம்பல் என்றால் கரி குறைவு, சிவப்புக் கங்கோடே தட்டில் விழுந்தால் கரி அதிகம்.

வாயு பின்வாங்குவதற்கு ஹாப்பர் மூடியின் உட்புறமே சாட்சி சொல்லும். திறக்கும்போது அங்கே வியர்த்தாற்போல் நீர்முத்துகளும், விரலில் தேய்த்தால் மஞ்சளாக வரும் படலமும், தீக்குச்சி உரசிய கந்தக வாடையும் இருந்தால் தாமதிக்காதீர்கள். விசிறியின் காற்றுக்கதவைக் குறையுங்கள், புகைக்குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

கேள்வி: கரித்தூள் கிராதிக்குக் கீழே சேர்கிறது. அதற்கும் ஹாப்பருக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஸ்டோக்கர் கிராதியில் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு; விசிறி அவற்றின் வழியே ஊதுகிறது. தள்ளுகட்டை முன்னும் பின்னும் நகரும்போது அதன் அடியில் தூள் உதிர்ந்து காற்றறையில் குவியும். முன்வரிசைத் துளைகள் அடைந்தால் காற்று பின்வரிசை வழியே மட்டும் வரும். பின்வரிசை எங்கே இருக்கிறது? ஹாப்பருக்குப் பக்கத்தில். தீயும் அங்கேயே இடம் மாறும்.

அதிகம் எரிக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை அடுப்பை முழுக்க ஆறவிட்டு, காற்றறையின் சுத்தக் கதவைத் திறந்து தூளை உறிஞ்சுங்கள். துளைகளை ஒல்லிக் கம்பியால் குத்தித் திறங்கள், பெரிதாக்கிவிடாதீர்கள். கதவைத் திரும்ப மூடும்போது அதன் கேஸ்கெட்டையும் பாருங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் வேண்டாம், சாம்பலுக்கென்றே செய்த உறிஞ்சிதான் வேண்டும்: நீறு பூத்த நெருப்பு என்பது இங்கே உவமை இல்லை, ஒரு நாள் கழித்தும் சாம்பலுக்குள் கங்கு உயிரோடு இருக்கும்.

கேள்வி: கரி அள்ளவும் சாம்பல் கொட்டவும் ஒரே வாளிதான். சரியா?

பதில்: இன்றே பிரித்துவிடுங்கள். சாம்பல் வாளியின் அடியில் ஒட்டிய ஒரு கங்கு, அடுத்த நடையில் கரியோடு சேர்ந்து ஹாப்பருக்குள் போகும். சாம்பலுக்கு மூடி போட்ட இரும்பு வாளி, எரியாத தரையில், வீட்டுக்கு வெளியே.

கேள்வி: புகைபோக்கியின் இழுப்பு போதுமா என்று எப்படி அறிவது? எண் உண்டா?

பதில்: உண்டு, அந்த எண்ணைக் கண்ணால் பார்க்க மானோமீட்டர் என்ற சிறு கருவி வாங்கி நிரந்தரமாக மாட்டிவிடுவது நல்லது. அடுப்புக்கும், இழுப்பைச் சமன்செய்யும் மடலான பாரோமெட்ரிக் டேம்பருக்கும் நடுவில் புகைக்குழாயில் துளையிட்டு அதன் முனையைச் செருக வேண்டும். தானாக இறங்கும் அடுப்புகளுக்குப் பொதுவாக நீர்மட்ட அளவில் 0.04 முதல் 0.06 அங்குலம், அதாவது 10 முதல் 15 பாஸ்கல். ஸ்டோக்கர்களுக்கு அதைவிடக் குறைவு, 0.02 முதல் 0.04. உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

குறைந்தால்தான் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். இழுப்பு மிஞ்சினால் மூடியின் ஊசிமுனைக் கசிவு வழியாகவும் காற்றை உறிஞ்சும். அந்த அதிகப்படியை அறைக்காற்றைக் கலந்து சமன்செய்வதுதான் பாரோமெட்ரிக் டேம்பரின் வேலை. அதன் மடல் விரல் பட்டாலே ஆட வேண்டும். தூசியில் இறுகியிருந்தால் துடைத்துவிடுங்கள்.

நன்றாக இருந்த இழுப்பு சில வாரங்களில் இறங்கினால் பறக்கும் சாம்பலைச் சந்தேகப்படுங்கள். படுக்கைவாட்டக் குழாயை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’கென்றால் காலி, ‘தொப்’பென்றால் உள்ளே சாம்பல். சமையலறைப் புகைவிசிறி, துணி உலர்த்தி போன்றவை ஓடும்போது மானோமீட்டர் முள் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் வீட்டுக்குள் காற்று வர வழியில்லை. அடுப்பிருக்கும் அறைக்கு வெளிக்காற்று வரத்து ஒன்று அமைக்க வேண்டும்.

கேள்வி: மின்சாரம் போனால் ஸ்டோக்கரை என்ன செய்வது?

பதில்: ஹாப்பர் மூடியையும் சாம்பல் கதவையும் தொடாதீர்கள். விசிறி நின்றதும் கிராதியில் இருக்கும் கரி மெல்லத் தணியும். அணைகிறதே என்று கதவைத் திறந்து காற்றுக் காட்டினால், தள்ளுகட்டை நின்றுபோன நிலையில், தீ பின்னால் இருக்கும் புதுக் கரியைத் தேடிப் போகும். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நீங்கள் இல்லாதபோது மின்சாரம் திரும்பினால், அணைந்த அடுப்பில் கரியை அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வந்ததும் கங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணையுங்கள்.

புகைபோக்கி இல்லாமல் மின்விசிறியால் புகையை வெளியேற்றும் வகைக்கு இன்னும் கவனம் வேண்டும். விசிறி நின்றால் வாயு வெளியேற வேறு வழியே இல்லை, வீட்டுக்குள்ளும் ஹாப்பருக்குள்ளும்தான் வரும். அந்த வகைக்குப் பேட்டரி இன்வெர்ட்டர் இல்லாமல் இருக்கக் கூடாது.

கேள்வி: எல்லாம் மீறி ஹாப்பரில் தீப்பிடித்துவிட்டால்?

பதில்: அடையாளங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ஹாப்பரின் வெளிப்பெயின்ட் கருகும் வாடை, மூடி ஓரத்தில் புகை, வழக்கத்துக்கு மாறான சூடு. இதற்காகவே சாதாரண நாளில் ஹாப்பர் பக்கச்சுவர், மூடி இரண்டின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். ஒவ்வோர் அடுப்புக்கும் அந்த எண் வேறு. அதிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே எச்சரிக்கை.

தீ என்று தெரிந்தால் வீட்டிலிருப்பவர்களை உடனே வெளியேற்றி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் கணத்தில் உள்ளே போகும் காற்றுதான் புகைச்சலைச் சுவாலையாக்கும். பாதுகாப்பாகக் கை எட்டினால் அடிக்காற்றை முழுக்க மூடுங்கள், ஸ்டோக்கரில் காற்றூதும் விசிறியை நிறுத்துங்கள். புகை வெளியேறும் வழியை மட்டும் ஒருபோதும் அடைக்காதீர்கள். புகைக்குழாய் டேம்பரை மூடினால் கார்பன் மோனாக்சைடு முழுதும் வீட்டுக்குள்தான். பிறகு நீங்களும் வெளியே வந்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த கரியில் நீராவி பட்டால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகும், இரண்டுமே எரியும். வார்ப்பிரும்பு விரியும், கொதிநீராவி முகத்தில் அடிக்கும். உலர்தூள் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் குவியலின் நடுவில் இருக்கும் சூட்டை எடுக்காது. அணைந்தது என்று நம்பி அருகில் போகாதீர்கள்.

கேள்வி: அப்படி ஒரு தீக்குப் பிறகு அடுப்பை எப்போது மறுபடி பற்றவைக்கலாம்?

பதில்: தீயணைப்பு வீரர்கள் அனுமதித்த பிறகும் ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள். ஹாப்பரைக் காலி செய்து, நேரான பலகை ஒன்றை விளிம்பில் வைத்து நெளிவு பாருங்கள். மூடியின் கேஸ்கெட் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வெல்டிங் விரிசல், தள்ளுகட்டையின் சந்து, மோட்டார் வயர், புகைக்குழாய் இணைப்புகள் எல்லாம் பார்க்க வேண்டும். சில ஸ்டோக்கர்களில் ஹாப்பர் அருகே சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் இருக்கும்; அது வேலை செய்ததா, ஏன் செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் பற்றவைக்காதீர்கள். காரணம் தெரியாமல் மூட்டிய அடுப்பு மறுபடியும் அதையே செய்யும்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அடுப்புக்கு மேலேயே மாட்டலாமா?

பதில்: வேண்டாம், பொய்யாக அலறும், அலறுகிறதே என்று நீங்கள் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். அடுப்பிலிருந்து நாலரை மீட்டராவது தள்ளி ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, மாடிக்கு ஒன்று. பின்பக்கம் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பாருங்கள். அலறினாலோ, வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, முதலில் வெளியேறுங்கள்.

கேள்வி: குளிர்காலம் முடிந்து அடுப்பை நிறுத்தும்போது ஹாப்பரில் மிஞ்சிய கரியை அடுத்த பருவத்துக்கு அப்படியே விடலாமா?

பதில்: காலி செய்துவிடுங்கள். கரியிலும் சாம்பலிலும் இருக்கும் கந்தகம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மூலை வெல்டிங்கில் ஊசித்துளை விழுந்திருக்கும். அடுத்த பருவத்தில் கேஸ்கெட் புதிது, மூடி இறுக்கம், ஆனாலும் ஊதுபத்திப் புகை எங்கோ உள்ளே போகிறதே என்று தேடுவீர்கள். கரியை அள்ளி, தூளை உறிஞ்சி, சமையல் சோடா கரைத்த நீரால் உட்புறத்தைத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அதன் பின் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். கேஸ்கெட் நசுங்காமல் இருக்கும், ஈரமும் தங்காது. புகைக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வதையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.